பழவேற்காடு மீனவர் தொழில் எவ்வளவு ஆபத்தானது? வேலையிட விபத்து விகிதத்தைக் கணக்கிடுவது எப்படி? முழு விளக்கம்

பழவேற்காடு முகத்துவாரத்தில் ஒரு படகு கவிழ்ந்தால் சில மணி நேரத்தில் செய்தி வந்துவிடும். 'மீனவர் பலி' என்று டி.வி.யில் வரி ஓடும். ஊர் பெயர், வயது, எத்தனை பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஆனால் இந்தத் தொழில் எவ்வளவு ஆபத்தானது என்ற கேள்விக்கு அந்தச் செய்தியில் பதில் கிடைக்காது. ஒரு தொழிற்சாலை வேலையோடு ஒப்பிட்டால் ஏரித் தொழிலில் உயிர் போகும் வாய்ப்பு எத்தனை மடங்கு? போன ஐந்து வருடத்தில் அது கூடியதா, குறைந்ததா?

இதற்குப் பதில் சொல்ல உலகம் முழுக்க ஒரு கணக்கு இருக்கிறது. அதன் பெயர் வேலையிட விபத்து விகிதம். அதை எப்படிப் போடுவது, பழவேற்காடு மாதிரியான மீனவ கிராமங்கள் ஏன் அந்தக் கணக்கிலிருந்து நழுவிப் போகின்றன, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? எளிமையாகப் பார்க்கலாம்.

ஒரே பார்வையில்

- விபத்தின் எண்ணிக்கை மட்டும் ஆபத்தைச் சொல்லாது. எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்.
- உயிரிழப்பு விகிதம் பொதுவாக 1 லட்சம் தொழிலாளர்களுக்கு எத்தனை என்று சொல்லப்படும்.
- காயங்களுக்கு 10 லட்சம் வேலை மணிக்கு எத்தனை என்ற கணக்கு உண்டு.
- இந்தியாவில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்குத்தான் எடுக்கப்படுகிறது. சொந்தப் படகில், பங்குக்குத் தொழில் செய்யும் மீனவர் அதில் வரமாட்டார்.

எண்ணிக்கை வேறு, விகிதம் வேறு. ஏன்?

ஒரு உதாரணம். இது புரிவதற்காக நாம் வைத்துக்கொள்ளும் கணக்குதான், எந்த ஊரின் நிஜப் புள்ளிவிவரமும் அல்ல.

ஒரு தொழிற்சாலையில் 4,000 பேர் வேலை செய்கிறார்கள். ஒரு வருடத்தில் விபத்தில் 2 பேர் இறக்கிறார்கள். பக்கத்தில் ஒரு குப்பம். அங்கே 400 பேர் தொழிலுக்குப் போகிறார்கள். அதே வருடத்தில் ஒருவர் இறக்கிறார்.

தொழிற்சாலையில் இரண்டு சாவு, குப்பத்தில் ஒன்று. அப்படியானால் தொழிற்சாலைதானே ஆபத்து? இல்லை.

இறந்தவர்களின் எண்ணிக்கையைத் தொழிலாளர்களின் எண்ணிக்கையால் வகுத்து, 1 லட்சத்தால் பெருக்க வேண்டும்.

தொழிற்சாலை: 2 ÷ 4,000 × 1,00,000 = 50

குப்பம்: 1 ÷ 400 × 1,00,000 = 250

அதாவது லட்சம் பேருக்கு 50, லட்சம் பேருக்கு 250. குப்பத்தில் ஆபத்து ஐந்து மடங்கு. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 8.8.1 என்ற குறியீடு இதைத்தான் ஒவ்வொரு நாட்டிடமும் கேட்கிறது: லட்சம் தொழிலாளர்களுக்கு எத்தனை பேர் வேலையில் இறந்தார்கள், எத்தனை பேர் காயமடைந்தார்கள்?

வகுத்தல் கணக்கு அவ்வளவுதான். பிரச்சினை, மேலே எந்த எண்ணைப் போடுவது, கீழே எந்த எண்ணைப் போடுவது என்பதில் இருக்கிறது. பழவேற்காட்டில் இரண்டுமே சிக்கல்.

மேலே வரும் எண்: எது 'வேலை விபத்து'?

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். ஏரியைச் சுற்றிப் பார்க்கப் படகில் ஏறியவர்கள் அவர்கள். பழவேற்காடு என்றாலே இன்றும் பலருக்கு அந்த விபத்துதான் நினைவுக்கு வரும்.

ஆனால் வேலையிட விபத்துக் கணக்கில் அந்தப் பயணிகளின் மரணம் சேராது. அவர்கள் அங்கே வேலைக்காக வந்தவர்கள் அல்ல. இப்படி ஒரு சவாரியில் காசு வாங்கிப் படகு ஓட்டுபவருக்கு ஏதாவது ஆனால், அது வேலை விபத்து. ஒரே படகு, ஒரே தண்ணீர், ஆனால் கணக்கு இரண்டு.

இந்த எல்லையை வரையறுத்தது சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. 1998இல் நடந்த தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 16ஆவது சர்வதேச மாநாட்டில் இதற்கான தீர்மானம் நிறைவேறியது. அதன்படி, வேலையினாலோ வேலை தொடர்பாகவோ எதிர்பாராமல் நடந்து தொழிலாளிக்குக் காயம், நோய், மரணம் எதை உண்டாக்கினாலும் அது வேலை விபத்து.

இதைப் பழவேற்காட்டுக்குப் பொருத்திப் பார்த்தால்:

- வலை இழுக்கும்போது படகிலிருந்து விழுந்து மூழ்கினால்: வேலை விபத்து.
- ஏரி நடுவில் தொழில் செய்யும்போது மின்னல் தாக்கினால்: அதுவும் வேலை விபத்து. 'இயற்கைச் சீற்றம்' என்று ஒதுக்க முடியாது.
- கரையில் உட்கார்ந்து வலை பழுது பார்க்கும்போது, இன்ஜினைக் கழற்றும்போது கை வெட்டுப்பட்டால்: வேலை விபத்துதான். தண்ணீரில் நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.
- கெளுத்தி முள், திருக்கை முள் குத்தினால், நண்டு கடித்தால், சிப்பி ஓடு காலைக் கிழித்தால்: ஒரு நாளாவது தொழிலுக்குப் போக முடியாமல் ஆனால் அது கணக்கில் வரும்.
- மீன் கூடையோடு வீட்டிலிருந்து சந்தைக்குக் கிளம்பிய பெண் சாலை விபத்தில் அடிபட்டால்: வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் இடையிலான பயண விபத்தை ஐ.எல்.ஓ. தனிப் பட்டியலில் வைக்கச் சொல்கிறது. ஆனால் தெருத் தெருவாக மீன் விற்றுக்கொண்டிருக்கும்போது அடிபட்டால், தெருவே அவருக்கு வேலையிடம். அது வேலை விபத்து.
- அடிபட்டவர் உடனே இறக்காமல் மருத்துவமனையில் பல மாதம் இருந்து இறந்தால்: விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் என்றால் அது வேலை மரணமாகவே எழுதப்பட வேண்டும்.

காணாமல் போனவர் எந்தக் கணக்கு?

மீனவர்களுக்கு மட்டும் வரும் ஒரு கொடுமை இது. தொழிற்சாலையில் இறந்தவரின் உடல் அங்கேயே இருக்கும். முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் உடல் கிடைக்காமலே போகலாம்.

காணாமல் போனவரைப் பற்றி 7 ஆண்டு எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் அவர் இறந்ததாகக் கருதலாம் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பொதுவான நிலை. அதுவரை அந்தக் குடும்பத்துக்கு அவர் 'காணவில்லை'. புள்ளிவிவரத்துக்கும் அவர் 'காணவில்லை'. விபத்து நடந்த வருடத்தின் பட்டியலில் அவர் பெயர் ஏறாது.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலின்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைப் பார்த்தோம். எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசு சொன்ன எண்ணும் ஊர்களும் தேவாலயங்களும் சொன்ன எண்ணும் ஒத்துப்போகவில்லை. யார் எந்தப் படகில் போனார்கள் என்ற பதிவு கரையில் முழுமையாக இல்லாததே அதற்கு முக்கியக் காரணம்.

கீழே வரும் எண்: மீனவர்கள் எத்தனை பேர்?

சரி, மேலே உள்ள எண்ணைச் சரியாக எடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். எதால் வகுப்பது?

தொழிற்சாலையில் இது எளிது. சம்பளப் பட்டியலைப் பார்த்தால் போதும். மீனவ கிராமத்தில் சம்பளப் பட்டியல் கிடையாது. பிடித்த மீன் ஏலத்தில் போன பிறகு டீசல் செலவு கழித்து, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பதுதான் வழக்கம். முதலாளி யார், தொழிலாளி யார் என்பதே தெளிவாக இருக்காது.

அடுத்து கைக்குக் கிடைப்பது மீன்வளக் கணக்கெடுப்பு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் எடுத்த கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 573 கடலோர மீனவ கிராமங்கள், சுமார் 1.93 லட்சம் மீனவக் குடும்பங்கள், சுமார் 8.03 லட்சம் மீனவ மக்கள்.

இந்த 8.03 லட்சத்தால் வகுக்கலாமா? கூடாது. அதில் பள்ளிக்குப் போகும் பிள்ளை உண்டு, தொழிலை விட்ட தாத்தாவும் உண்டு. அவர்களையும் சேர்த்து வகுத்தால் விகிதம் பொய்யாகக் குறையும். தொழிலுக்குப் போகிறவர்களை மட்டும்தான் எடுக்க வேண்டும்.

அப்போது அடுத்த கேள்வி: 'தொழிலுக்குப் போகிறவர்' என்றால் யார்?

பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. தமிழ்நாட்டுப் பகுதி திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது. பெரும்பகுதி ஆந்திராவில். இங்கே எல்லோரும் ஒரே மாதிரி மீன்பிடிப்பதில்லை. ஃபைபர் படகில் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறவர்கள் உண்டு. ஏரிக்குள்ளேயே சுத்துவலை கட்டி இறால் பிடிப்பவர்கள் உண்டு. படகும் இல்லாமல் வலையும் இல்லாமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் ஆண்களும் உண்டு.

மீனவர் என்றதும் படகில் நிற்கும் ஆணைத்தான் பெரும்பாலும் நாம் நினைக்கிறோம். கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்ணின் பாதத்தில் சிப்பி வெட்டினால் அது 'மீனவர் காயம்' என்று எங்கே எழுதப்படும்? அவரைக் கீழே உள்ள எண்ணிலும் சேர்க்கவில்லை, மேலே உள்ள எண்ணிலும் சேர்க்கவில்லை என்றால், கணக்குப்படி அப்படி ஒரு வேலையே உலகத்தில் இல்லை.

தலைக்கணக்கா? மணிக்கணக்கா?

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 400 பேர் என்று தலையை எண்ணினால் போதுமா? அவர்கள் வருடம் முழுக்கத் தொழிலுக்குப் போவதில்லையே.

பழவேற்காட்டையே எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோனால் படகு வெளியே போக முடியாது. புயல் எச்சரிக்கை நாட்கள் தனி.

ஏரிக்குள் சுத்துவலைத் தொழிலுக்கு 'பாடு' என்ற முறை இருக்கிறது. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டலாம் என்பதை ஊரே முறை வைத்துப் பங்கிடும். தன் முறை வராத நாளில் அந்த இடத்தில் தொழில் செய்ய முடியாது.

அதாவது தண்ணீரில் இருக்கும் நேரம் குறைவு. அந்தக் குறைந்த நேரத்தில் நடக்கும் விபத்தை, வருடத்துக்கு 2,000 மணி நேரம் வேலை செய்யும் தொழிற்சாலைத் தொழிலாளியோடு அப்படியே ஒப்பிட்டால் தப்பு.

அமெரிக்காவின் தொழிலாளர் புள்ளியியல் துறை இதற்கு மணிக்கணக்கைப் பயன்படுத்துகிறது. வாரம் 40 மணி, வருடம் 50 வாரம் என்றால் ஒருவருக்கு 2,000 மணி. ஒரு லட்சம் முழுநேரத் தொழிலாளர் என்றால் 20 கோடி மணி. இறப்பு எண்ணிக்கையை மொத்த வேலை மணியால் வகுத்து 20 கோடியால் பெருக்குவார்கள்.

நம் உதாரணக் குப்பத்துக்கு வருவோம். 400 பேரும் வருடத்துக்கு 150 நாள், நாளுக்கு 6 மணி நேரம் தொழில் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

400 × 150 × 6 = 3,60,000 மணி

1 ÷ 3,60,000 × 20,00,00,000 = சுமார் 556

தலைக்கணக்கில் 250 ஆக இருந்தது, மணிக்கணக்கில் சுமார் 556 ஆகிவிட்டது. ஏன்? அந்த 400 பேரின் மொத்த உழைப்பு நேரம் 180 முழுநேரத் தொழிலாளர்களின் நேரத்துக்குத்தான் சமம். ஒரு மணி நேரம் தண்ணீரில் நின்றால் எவ்வளவு ஆபத்து என்பதை மணிக்கணக்குதான் காட்டும்.

ஒரு வருடத்தை வைத்து முடிவு செய்யலாமா?

கூடாது. சின்ன ஊருக்கு இது ரொம்ப முக்கியம்.

நம் உதாரணக் குப்பத்தில் அடுத்த நான்கு வருடம் யாருமே இறக்கவில்லை என்று வையுங்கள். அப்போது விகிதம் முதல் வருடம் 250, அடுத்த நான்கு வருடமும் பூஜ்யம். முதல் வருடத்தைப் பார்த்தால் பயம் வரும். அடுத்த வருடத்தைப் பார்த்தால் 'ஆபத்தே இல்லை' என்று தோன்றும். இரண்டுமே தவறு. ஐந்து வருடத்தையும் சேர்த்தால் லட்சத்துக்கு 50. அதுதான் ஓரளவு நம்பக்கூடிய எண்.

பெரிய நாட்டிலேயே இந்த ஏற்ற இறக்கம் உண்டு. அமெரிக்காவில் மீன்பிடி, வேட்டைத் தொழிலாளர்களின் உயிரிழப்பு விகிதம் 2020இல் லட்சத்துக்கு 132.1, 2021இல் 75.2, 2022இல் 50.9. இரண்டே வருடத்தில் தொழில் அவ்வளவு பாதுகாப்பாகிவிடவில்லை. தொழிலாளர் எண்ணிக்கை சிறியது என்பதால் சில மரணங்கள் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் தாவும்.

அப்படிக் குறைந்த 2022ஆம் ஆண்டிலும்கூட, அமெரிக்காவில் எல்லாத் தொழில்களுக்குமான சராசரி 3.7தான். மீன்பிடித் தொழில் அதைப்போல் சுமார் 14 மடங்கு.

அதனால் சின்ன ஊர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, 5 வருடச் சராசரி எடுப்பது. மற்றொன்று, ஒரே மாதிரித் தொழில் செய்யும் பல குப்பங்களைச் சேர்த்து எடுப்பது.

காயங்களை அளப்பது எப்படி?

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 3786 என்ற தரநிலை இதற்கு இரண்டு விகிதங்களைச் சொல்கிறது.

*நிகழ்வு விகிதம்:* வேலைக்குப் போக முடியாமல் செய்த காயங்கள் ÷ மொத்த வேலை மணி × 10 லட்சம். எத்தனை முறை அடிபடுகிறது என்பதை இது சொல்லும்.

*தீவிர விகிதம்:* காயத்தால் இழந்த நாட்கள் ÷ மொத்த வேலை மணி × 10 லட்சம். அடி எவ்வளவு பலமானது என்பதை இது சொல்லும். ஒரு மரணத்துக்கு இந்தக் கணக்கில் 6,000 நாள் இழப்பு என்று வைக்கப்பட்டிருக்கிறது.

நம் குப்பத்தில் வருடத்துக்கு 9 பேருக்குக் காயம், மொத்தம் 90 நாள் தொழில் இழப்பு என்றால் நிகழ்வு விகிதம் 25, தீவிர விகிதம் 250. அதே வருடம் ஒரு மரணமும் சேர்ந்தால் நிகழ்வு விகிதம் கிட்டத்தட்ட 28தான் ஆகும். தீவிர விகிதமோ 16,900ஐத் தாண்டிவிடும். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

ஆனால் 'இழந்த நாட்கள்' என்ற அளவுகோலில் மீனவருக்கு ஒரு பாதகம் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்குக் கை வெட்டுப்பட்டால் மருத்துவ விடுப்பு போடுவார். அது பதிவாகும். மீனவருக்கு லீவு போட்டால் அன்றைய பங்கு கிடையாது. முள் குத்திய கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளே தொழிலுக்குப் போனால் இழந்த நாள் பூஜ்யம். காயம் கணக்குல வராது. வறுமை எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு பாதுகாப்பாக அந்தத் தொழில் காகிதத்தில் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஐ.எல்.ஓ.வின் 2023 மதிப்பீட்டின்படி உலகில் வருடத்துக்கு சுமார் 3.3 லட்சம் பேர் வேலை விபத்தில் இறக்கிறார்கள், சுமார் 39.5 கோடிப் பேர் காயமடைகிறார்கள். அதாவது ஒரு மரணத்துக்கு ஏறத்தாழ 1,200 காயம். இந்த விகிதம் தொழிலுக்குத் தொழில் மாறும். ஆனால் ஒரு ஊரில் மரணங்கள் பதிவாகி, காயங்களே இல்லை என்று ஆவணம் சொன்னால், அங்கே காயங்களை யாரும் எழுதவில்லை என்றுதான் அர்த்தம்.

அதே மதிப்பீட்டில் வேலை சார்ந்த நோய்களால் இறப்பவர்கள் வருடத்துக்கு சுமார் 26 லட்சம் பேர். விபத்து மரணத்தைப் போல் ஏறக்குறைய 8 மடங்கு. உவர்நீரில் மணிக்கணக்கில் நிற்பவரின் தோல் பாதிப்பும் மூட்டு வலியும் இந்த வகையில் வரும். விபத்தைவிட இவற்றை எண்ணுவது இன்னும் கடினம்.

இந்தியாவில் இந்தக் கணக்கை யார் எடுக்கிறார்கள்?

பொன்னேரி வட்டத்தையே பாருங்கள். பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் பக்கம் துறைமுகங்கள், அனல் மின் நிலையம் எல்லாம் இருக்கின்றன. ஒரு தொழிற்சாலையில் தொழிலாளிக்கு அடிபட்டு 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாவிட்டால், நிர்வாகம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே உள்ள விதி. மாநிலங்கள் கொடுக்கும் அந்தத் தகவல்களை மத்திய அரசின் டிஜிஃபாஸ்லி என்ற தலைமை இயக்குநரகம் தொகுக்கிறது. பதிவு செய்யப்பட்ட தொழிற்சாலைகள்தான் அதன் எல்லை.

2020இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அது பொதுவாக 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். 2 பேர், 4 பேர் போகும் ஏரிப் படகு அதற்குள் வராது.

அப்படியானால் முகத்துவாரத்தில் இறந்த மீனவர் எங்கேதான் பதிவாகிறார்?

*காவல் நிலையத்தில்:* சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவாகும். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் விபத்து மரணங்களைக் காரணவாரியாகத் தொகுக்கிறது. படகு கவிழ்ந்தது, மின்னல் தாக்கியது என்று தலைப்புகள் இருக்கும். 2022இல் மின்னலால் இந்தியா முழுக்க 2,887 பேர் இறந்ததாக அது சொல்கிறது. வயலில் நின்றவர் எத்தனை பேர், வலையோடு நின்றவர் எத்தனை பேர் என்பது அந்த எண்ணிலிருந்து தெரியாது.

*காப்பீட்டில்:* பிரதம மந்திரி மத்ஸ்ய சம்படா திட்டத்தின் கீழ் மீனவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. ஆனால் அதில் வருவது சேர்ந்தவர்களின் கணக்கு மட்டுமே. 18 வயதுக்குக் கீழே, 70க்கு மேலே உள்ளவர்கள், பெயர் பதியாதவர்கள் வரமாட்டார்கள்.

*நம் செய்திகளில்:* நான்கு பேர் ஒன்றாக இறந்தால் தலைப்புச் செய்தி. ஒருவர் தனியாக இறந்தால் பல நேரம் மாவட்டச் செய்தியில் நான்கு வரி. செய்தியை எண்ணி விகிதம் போட முடியாது.

ஆக ஒரே மரணம் மூன்று இடத்தில் மூன்று பெயரில் இருக்கும். 'மீன்பிடித் தொழிலில் இறந்தவர்' என்ற ஒரே தலைப்பின் கீழ் எங்கும் இருக்காது.

உலக அளவிலும் இதே கதைதான்

1999இல் ஐ.எல்.ஓ. ஒரு மதிப்பீடு சொன்னது: மீன்பிடித் தொழிலில் உலகில் வருடத்துக்கு 24,000 பேர் இறக்கிறார்கள், லட்சத்துக்கு 80. இருபது வருடத்துக்கும் மேலாக எல்லோரும் இந்த எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2022இல் ஃபிஷ் சேஃப்டி அறக்கட்டளை ஒரு புது ஆய்வு வெளியிட்டது. அது சொன்ன எண்: வருடத்துக்கு 1 லட்சத்துக்கும் மேல். நான்கு மடங்குக்கும் அதிகம். பழைய கணக்குகளில் சரியாகச் சேராத சிறு படகு மீனவர்களையும் சேர்த்துப் பார்க்க முயன்றதுதான் இந்த வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணம். பழவேற்காட்டில் இருப்பதும் அந்தச் சிறு படகுகள்தான்.

எண்ணினால் என்ன மாறும்?

'போன உயிர் போனதுதான், எண்ணி என்ன ஆகப்போகிறது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

அமெரிக்காவில் 2000 முதல் 2016 வரை மீன்பிடிப் படகிலிருந்து தவறி விழுந்து 204 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாக எடுத்து, எப்படி நடந்தது, என்ன அணிந்திருந்தார், யாராவது பார்த்தார்களா என்று எழுதினார்கள். கடைசியில் ஒரு உண்மை வெளியே வந்தது. அந்த 204 பேரில் ஒருவர்கூட மிதவை உடை அணிந்திருக்கவில்லை. 'கடல் ஆபத்தானது' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் இது தெரியவில்லை.

பழவேற்காட்டில் முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது பல வருடக் கோரிக்கை. அலை அங்கேதான் உடைகிறது, மணல் அங்கேதான் சேர்கிறது, படகு அங்கேதான் புரள்கிறது என்று மீனவர்கள் சொல்லிவருகிறார்கள். கல் கொட்டித் தடுப்புச் சுவர் கட்டினால் விபத்து குறையுமா? குறைந்ததா? கட்டுவதற்கு முன் 5 வருடக் கணக்கும், கட்டிய பின் 5 வருடக் கணக்கும் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும். இல்லாவிட்டால் அதிகாரி ஒன்று சொல்வார், ஊர் ஒன்று சொல்லும், முடிவு வராது.

நிதி ஒதுக்குகிறவர்கள் கேட்பதும் எண்ணைத்தான். மின்னல் எச்சரிக்கைக் கருவி வேண்டுமா, மீட்புப் படகு வேண்டுமா, முள் குத்துக்கு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்போதும் இருக்க வேண்டுமா? எதில் எத்தனை பேர் அடிபடுகிறார்கள் என்று காட்டினால் எதை முதலில் கேட்பது என்பது தெளிவாகும்.

ஊரிலேயே தொடங்க முடியுமா?

முடியும். விகிதம் போடுவதில் பெரிய தலைவலி கீழே உள்ள எண் என்று பார்த்தோம். ஆனால் பாடு முறை நடக்கும் ஊர்களில் யாருக்குப் பாடு உண்டு, எந்த நாள் யாருடைய முறை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் செய்யும் வேலையில் பாதியை அந்த முறையே செய்து தருகிறது. யார், எத்தனை நாள் தொழிலுக்குப் போனார்கள் என்று தெரிந்தால் மணிக்கணக்கு போடலாம்.

அதன் பக்கத்தில் இன்னொரு நோட்டு வைத்தால் மேலே உள்ள எண்ணும் கிடைத்துவிடும். ஒவ்வொரு விபத்துக்கும் எழுத வேண்டியவை இவை:

1. தேதி, நேரம், வானிலை
2. இடம்: முகத்துவாரமா, ஏரியா, கடலா, கரையா
3. என்ன தொழில்: படகு, சுத்துவலை, கையால் பிடிப்பது, விற்பனை
4. என்ன நடந்தது: விழுந்தாரா, படகு கவிழ்ந்ததா, முள்ளா, மின்னலா
5. வயது, ஆணா பெண்ணா
6. மிதவை உடை இருந்ததா
7. எத்தனை நாள் தொழிலுக்குப் போக முடியவில்லை. போயிருந்தாலும், எத்தனை நாள் வலியோடு போனார்
8. எங்கே சிகிச்சை, என்ன செலவு

பாடு முறைக்கு வெளியே இருப்பவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். இருளர் குடும்பங்கள், மீன் விற்கும் பெண்கள், கூலிக்கு வலை இழுப்பவர்கள். இல்லாவிட்டால் நாட்டுக் கணக்கில் ஊர் விடுபட்டது போல, ஊர்க் கணக்கில் இவர்கள் விடுபடுவார்கள்.

விபத்து நடந்தால் குடும்பம் உடனே செய்ய வேண்டியது

- கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல் படையின் 1554, தமிழக கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய இலவச எண்களுக்கு அழைக்கலாம். கரையில் ஆம்புலன்ஸுக்கு 108.
- சின்னக் காயம் என்றாலும் அரசு மருத்துவமனையில் காட்டி, 'மீன்பிடிக்கும்போது ஏற்பட்டது' என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.
- மரணம் என்றால் முதல் தகவல் அறிக்கையிலும் அவர் தொழிலுக்குப் போன இடத்தில் இறந்தார் என்பது தெளிவாக வர வேண்டும். பிரேதப் பரிசோதனை அறிக்கையை வாங்கி வையுங்கள். காப்பீடு கேட்கும்போது இவைதான் அடிப்படை.
- குழு விபத்துக் காப்பீட்டில் மரணம் அல்லது நிரந்தர முழு ஊனத்துக்கு ரூ.5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு ரூ.2.5 லட்சம், விபத்தால் மருத்துவமனையில் சேர்ந்தால் ரூ.25,000 வரை கிடைக்கும். மீனவர் தன் கையிலிருந்து பிரீமியம் கட்ட வேண்டியதில்லை, மத்திய அரசும் மாநில அரசும் கட்டுகின்றன. ஆனால் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

முதல் தகவல் அறிக்கையில் 'ஏரியில் மூழ்கி இறந்தார்' என்று எழுதுவதற்கும் 'மீன்பிடிக்கும்போது ஏரியில் மூழ்கி இறந்தார்' என்று எழுதுவதற்கும் ஒரு வார்த்தைதான் வித்தியாசம். அந்த ஒரு வார்த்தை குடும்பத்துக்குக் காப்பீட்டுப் பணம் கிடைப்பதற்கு உதவும். இந்தத் தொழில் எத்தனை உயிரை எடுக்கிறது என்ற கணக்கில் அவர் பெயர் ஏறுவதற்கும் அதுதான் வழி.